பிடித்து இழுத்துத் தாலி கட்டாத புதுக் காதல் நாவல் இருந்தால் சொல்லுங்கள்

செம்பவாங் வாசகி:

வணக்கம் தோழிகளே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தினமும் காலையில் சிங்கப்பூரில் செம்பவாங்கில் ரயில் ஏறி ராஃபிள்ஸ் பிளேஸ் போகிறேன். உட்கார இடம் கிடைத்தால் தொடர்கதையில் இரண்டு எபி (எபிசோட்), நின்றுகொண்டே போனால் ஒன்று. இப்படியே படித்து, இந்த ஒரு வருடத்தில் புதிதாக வந்த காதல் நாவல்கள் மட்டும் முப்பதைத் தாண்டிவிட்டேன். கிண்டிலில் கொஞ்சம், இணையத் தளங்களில் யூடிக்கு, அதாவது அடுத்த எபி போடுவதற்கு, காத்திருந்து படித்தது கொஞ்சம், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போன அக்கா பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது நாலைந்து.

போன வாரம் முடித்த கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், எழுதுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள், யாரையும் நோகடிக்க வரவில்லை. கதாநாயகி ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். அவள் அண்ணன் ஒரு பெண்ணை ஏமாற்றிவிட்டான், அந்தப் பெண்ணின் அண்ணன்தான் ஹீரோ. பழிவாங்குவதற்காக இவளைக் கோயிலுக்கு இழுத்துப் போய்த் தாலி கட்டிவிடுகிறான். அது பன்னிரண்டாவது எபி. அதற்கப்புறம் முப்பத்தைந்து எபிக்கு அவளைப் பேசாத பேச்சு இல்லை. போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான், வேலையை விடச் சொல்கிறான். பிறகு ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் வருகிறது, அவன் விடிய விடிய நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போடுகிறான், காலையில் கண் விழித்தவள் அவன் நாற்காலியிலேயே தூங்குவதைப் பார்த்து உருகிவிடுகிறாள். முடிந்தது கதை!

பாதிக்கு மேல் நான் என்ன செய்தேன் தெரியுமா, அவன் வரும் பக்கங்களையெல்லாம் தள்ளிவிட்டு, அவள் தோழியோடு பேசுகிற இடங்களையும், வேலையை விடுவதற்கு முன் ஆபீசில் கணக்கைச் சரிபார்க்கிற இடங்களையும் மட்டும் திரும்பப் போய்ப் படித்தேன். அந்த எழுத்தாளருக்கு அவ்வளவு அழகாக எழுத வருகிறது. ஒரு வவுச்சரில் தேதி மாறியிருப்பதை அவள் கண்டுபிடிக்கும் இடத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்தேன். இப்படி எழுதத் தெரிந்தவர் ஏன் அவளை அந்த வீட்டில் கொண்டுபோய் அடைத்தார் என்றுதான் ஆற்றாமையாக இருக்கிறது.

கேள்வி இதுதான். ஆண் கேட்டு, பெண் யோசித்து, பிறகு சம்மதம் சொல்கிற புதுக் கதைகள் எதையாவது படித்தீர்களா? சிங்கப்பூர் வருகிற கதையாக இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் உண்மையான சிங்கப்பூராக இருக்க வேண்டும். நான் படித்ததில் ஒருவன் ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கத்தில் தென்னந்தோப்போடு பங்களா வைத்திருக்கிறான், நாளுக்கு ஒரு கார். இங்கே காருக்கு உரிமைச் சான்றிதழ் மட்டுமே 1,00,000 வெள்ளியை, அதாவது சிங்கப்பூர் டாலரை, தாண்டிப் போயிருக்கிறது, அதுவும் 10 வருடத்துக்குத்தான். கோடீஸ்வரன் கதையை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் கோடீஸ்வரர்களா?

புத்தகப் பெயர்களைத் தனிச்செய்தியில் அனுப்பினாலும் போதும்.

ஈசூன் இரவுப்பணி:

தங்கச்சி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் பாதிதான் ஒத்துப்போக முடியும்.

நான் தாதி. இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ராத்திரி வேலையில் மூன்று மணிக்கு ஒரு இடைவேளை வரும், அந்த நேரத்தில் கனமான எதையும் படிக்க முடியாது. பள்ளியில் படிக்கும்போது அம்மா தேக்காவில் வாங்கிவரும் மாத நாவல்களில் ஆரம்பித்தேன், ராணி முத்துவும் மாலைமதியும் எங்கள் வீட்டில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும். ரமணிசந்திரன் கதை வந்த மாதம் என்றால் அம்மாவுக்கும் எனக்கும் யார் முதலில் படிப்பது என்று சண்டை. அந்தக் காலத்து ஹீரோவும் முறைப்பான், சுள்ளென்று பேசுவான், தப்பாகப் புரிந்துகொள்வான். கோபக்கார ஹீரோ புதிது இல்லை. இப்போது அளவு மீறிப் போய்விட்டது, அதில் உங்கள் பக்கம்தான் நான்.

ஆனால் நாங்கள் எதற்காக இந்தக் கதைகளைத் தேடிப் படிக்கிறோம் என்பதை நீங்கள் விட்டுவிட்டீர்கள். அவன் அடக்குவதைப் படிக்க யாரும் உட்காருவதில்லை. அவன் உடைகிற இடத்துக்காகத்தான். "நான் செய்தது தப்பு" என்று ஒரு ஆண்பிள்ளை வாயைத் திறந்து சொல்லும் இடம் வருமே, அதற்காக முப்பது எபி பொறுத்திருப்பேன். எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருடம். கணவர் நல்லவர், குடி கிடையாது, சம்பளம் அப்படியே வீட்டுக்கு வரும். ஆனால் இத்தனை வருடத்தில் அவரோ, மாமனாரோ, என் அப்பாவோ, எதற்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. அடுத்த நாள் காலையில் ரொட்டி பரோட்டா வாங்கி மேசையில் வைப்பார்கள், அதுதான் மன்னிப்பு என்று நானாக எடுத்துக்கொள்ள வேண்டும். கதையில் ஒருத்தன் வார்த்தையாகச் சொல்கிறான், அதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துபோகிறது.

அதனால் என் குறை வேறு. முப்பத்தைந்து எபி கொடுமைக்கு இரண்டு எபி மன்னிப்பு என்றால் எப்படி? காய்ச்சலில் துணி போடுவது மன்னிப்பு ஆகாது, நான் அதைத் தினமும் பத்துப் பேருக்குச் செய்கிறேன். என்ன தப்பு செய்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும், ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், அவள் "இன்னும் எனக்கு ஆறவில்லை" என்று சொன்னால் அவன் போய்விட்டு மறுபடி வர வேண்டும். இப்படி எழுதினால் கோபக்கார ஹீரோவை நான் தாராளமாகப் படிப்பேன்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கோயம்புத்தூரில் சாப்பாட்டு ஆர்டர் எடுத்துச் சமைத்துக் கொடுக்கும் பெண், விவாகரத்து ஆனவள், ஆறு வயசுப் பையன். பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது பார்க்க வரும் ஆளுக்கு அவள்மேல் விருப்பம். அவன் முதலில் அந்தப் பையனிடம் போய்ப் பழகுவதில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. குழந்தையை வைத்து அம்மாவைப் பிடிக்கும் வேலை இல்லை. நேராக அவளிடமே வந்து, "உங்களோடு ஒரு காபி குடிக்கலாமா, வேண்டாம் என்றாலும் லிஃப்ட் ஒழுங்காகத்தான் ஓடும்" என்கிறான். பெயர் அனுப்பிவிட்டேன், பாருங்கள்.

தொடர் எழுதுகிறவள்:

நான் எழுதுகிறவள். ஆறு வருடமாகத் தளத்தில் எழுதுகிறேன், நாலு நாவல் முடித்திருக்கிறேன். செம்பவாங் சிஸ் சொன்ன கதை என்னுடையது இல்லை, ஆனால் என் இரண்டாவது நாவலிலும் கட்டாயத் தாலி இருக்கிறது. அதை ஏன் எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

தொடராக எழுதும்போது ஒவ்வொரு எபிக்கும் கீழே கமெண்ட் வரும். அமைதியான எபி போட்டால், இரண்டு பேரும் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், "நைஸ் எபி" என்று நாலு பேர் எழுதுவார்கள். ஹீரோ கையை ஓங்கினான் என்றால் திட்டியாவது நாற்பது பேர் வருவார்கள். வேலை முடிந்து, பிள்ளைகளைத் தூங்க வைத்து, பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு அந்த நாற்பது பேர் பெரிய பலம். அடுத்த எபியில் கை தானாக அந்தப் பக்கம் போகிறது. நானும் போனேன்.

அப்புறம் பணம். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெட்டில் புத்தகம் எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதற்குப் பணம் கிடையாது, எத்தனை பக்கம் படித்தார்கள் என்பதற்குத்தான். அதனால் சண்டை நீள்கிறது, பிளாஷ்பேக் நீள்கிறது, நாற்பது எபியில் முடிய வேண்டியது எழுபதுக்குப் போகிறது. அந்தத் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளுக்கு மின்னூலாக வேறு எங்கேயும் இருக்கக் கூடாது என்பது விதி. முடிந்த கதையின் லிங்கை ஏன் எடுத்துவிடுகிறீர்கள் என்று கேட்கிறீர்களே, காரணம் அதுதான், உங்களை ஏமாற்றுவதற்காக இல்லை.

மூன்றாவது நாவலில் மாற்றிப் பார்த்தேன். பதினெட்டாவது எபியில் அவன் கேட்கிறான். அவள் "யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஊருக்கு பஸ் ஏறுகிறாள். ஜன்னலோர சீட்டு, மடியில் பை, பக்கத்தில் ஒரு பாட்டி முறுக்கு தருகிறாள், அவ்வளவுதான் அந்த எபி முழுக்க. எழுதியதிலேயே எனக்கு மிகப் பிடித்தது அதுதான். "ஹீரோயின் ரொம்ப ஓவர், அவ்வளவு நல்லவனைக் காக்க வைக்கிறாளே" என்று வந்தது. நாலைந்து பேர் படிப்பதையே நிறுத்திவிட்டார்கள். நான் மாற்றவில்லை. அவள் ஒன்பது எபி யோசித்தாள்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அமைதியான எபி பிடித்திருந்தால் அதன் கீழே எழுதுங்கள், எந்த வரி பிடித்தது என்று சேர்த்து எழுதுங்கள். படித்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டால் எங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஈசூன் அக்கா, மன்னிப்பைப் பற்றிச் சொன்னதை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

பொங்கோல் ரேவதி நட்சத்திரம்:

கட்டாயத் தாலி பற்றி ஒரு விஷயம். இந்தியச் சட்டத்திலேயே மிரட்டிச் சம்மதம் வாங்கிய இந்துத் திருமணத்தை நீதிமன்றம் போய் ரத்து செய்ய முடியும். இங்கே 1961-இல் மாதர் சாசனம் என்ற சட்டம் வந்ததிலிருந்து, முஸ்லிம் அல்லாதவர்களுக்குக் கோயிலில் தாலி கட்டியது மட்டும் சட்டப்படி கல்யாணமே ஆகாது. கல்யாணத்துக்கு 21 நாளுக்கு முன்பே இரண்டு பேரும் சேர்ந்து அறிவிப்பைப் பதிய வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும். சிராங்கூன் ரோட்டில் எந்தக் கோயிலுக்கு இழுத்துப் போனாலும் அவள் மறுநாள் காலையில் எழுந்து வேலைக்குப் போகலாம். ஆனால் சிங்கப்பூரில் நடக்கிற ஒரு நாவலில் கதாநாயகி "தாலி ஏறிவிட்டதே, இனி என்ன செய்ய" என்று அழுகிறாள், இங்கேயே பிறந்து வளர்ந்தவளாம். படித்துவிட்டு எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

நம் ஊரில் காதலுக்குக் கதை இல்லாமலா? என் கதையையே சொல்கிறேன். அவர் என்னிடம் காதலைச் சொன்னது பீச்சில் இல்லை, அங் மோ கியோவில் ஒரு கோப்பிக் கடையில். "நாம பிடிஓ போடலாமா?" என்றார். இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும் அது என்ன கேள்வி என்று! பிடிஓ என்றால் வீவக, அதாவது அரசு வீடமைப்புக் கழகம், புதிதாகக் கட்டப்போகும் வீடு. அதற்குச் சேர்ந்து பெயர் கொடுப்பது என்றால் அதற்கு மேல் ஒரு சம்மதம் இல்லை. தனியாக வாங்கப் போனால் 35 வயது ஆக வேண்டும். சேர்ந்து போட்டால் சாவி வாங்கி 3 மாதத்துக்குள் கல்யாணத்தைப் பதிந்துவிட வேண்டும். நடுவில் மனசு மாறினால் காசும் போகும், காத்திருந்த வருடங்களும் போகும். நான் இரண்டு வாரம் யோசித்தேன். அந்த இரண்டு வாரமும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, எப்போதும்போல "சாப்பிட்டாயா" என்று மட்டும் மெசேஜ் வரும்.

கட்டடம் தாமதம், நடுவில் கோவிட். நாங்கள் முதலில் ரிஜிஸ்டர் பண்ணிவிட்டோம், கோயில் கல்யாணம் வீடு கிடைத்த பிறகு என்று இரண்டு வீட்டிலும் முடிவு. சட்டப்படி கணவன் மனைவி, ஆனால் தாலி ஏறவில்லை, அதனால் அம்மாவுக்கு நான் இன்னும் கல்யாணமாகாத பெண். கிட்டத்தட்ட இரண்டு வருடம் அப்படி ஓடியது. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், ஹாலில் அப்பாவோடு உட்கார்ந்து செய்தி பார்ப்பார், பிறகு புளோக்குக்குக் கீழே கல் மேசையில் நாங்கள் இரண்டு பேரும் உட்காருவோம். கடைசி ரயிலுக்கு நேரமானதும் எழுந்துகொள்வார். லிஃப்ட் கதவு மூடும்வரை நான் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன், மேலே வந்ததும் சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன், அவர் பஸ் நிறுத்தம் தாண்டி நடந்து போவது தெரியும். சட்டப்படி புருஷன், அவருடைய சட்டையில் ஒரு பட்டன் அறுந்திருந்தது, தைத்துக் கொடுக்க ஆசை, கழற்றிக் கொடு என்று எப்படிக் கேட்பது? அடுத்த வாரமும் அதே சட்டை, அதே பட்டன் இல்லாமல் வந்தார். இந்த ஒரு பட்டனை வைத்து யாராவது ஐந்து எபி எழுதினால் நான் பத்துத் தடவை படிப்பேன்.

இந்த இடைக்காலம் நம் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்! இதுவரை ஒரு நாவலிலும் நான் படித்ததில்லை. தொடர் எழுதுகிற சிஸ், கேட்கிறதா?

லாரியில் கேட்பவன்:

அக்காமார்களுக்கு வணக்கம். ஆண்கள் எழுதலாமா என்று தெரியவில்லை, தப்பென்றால் மன்னிக்கவும்.

நான் புதுக்கோட்டைக்காரன், இங்கே கட்டுமான வேலை, ஒர்க் பர்மிட். படிப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம், யூடியூப்பில் ஆடியோ நாவல். காலையில் லாரியில் ஏறியதும் ஒரு காதில் மாட்டிக்கொள்வேன். என் மனைவிதான் இந்தப் பழக்கத்தை ஏற்படுத்தினாள். இங்கே இரவு பத்து என்றால் அங்கே ஏழரை. பிள்ளை படிக்க உட்கார்ந்ததும் போன் பண்ணுவாள். முன்பெல்லாம் "சாப்பிட்டியா, வேலை எப்படி, காசு வந்துச்சா" முடிந்ததும் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. இப்போது ஒரே கதையை இரண்டு பேரும் கேட்கிறோம், அதைப் பற்றிப் பேசுகிறோம். அவன் செய்தது சரியா என்று அவள் கேட்பாள், நான் ஒன்று சொல்வேன், சண்டை வரும். அப்படித்தான் அவளுக்கு எது பிடிக்கும், எது வருத்தம் என்று எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி மூன்றாம் மாதம் கிளம்பி வந்தவன் நான், அதற்கு முன் எங்கே தெரிந்துகொள்ள நேரம்?

செம்பவாங் அக்கா சொன்ன மாதிரி சிங்கப்பூர்க் கதையில் முதலாளிதான் வருகிறார். எங்களைப் போன்ற ஆள் வந்தால், வெளிநாடு போனான், பணம் அனுப்பினான் என்று ஒரு வரி. ஒரு கதையில் என்னைப் போல வேலைக்கு வந்தவன் இங்கேயுள்ள பெண்ணைக் காதலித்து ஒரே எபியில் கல்யாணம் முடித்துவிடுகிறான். உண்மையில் ஒர்க் பர்மிட்டில் இருக்கிறவன், முன்பு இருந்தவனும்கூட, சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ கட்ட வேண்டும் என்றால் மனிதவள அமைச்சிடம் முதலில் அனுமதி வாங்க வேண்டும். ஊரில் போய்க் கட்டினாலும் அதேதான். அனுமதி இல்லாமல் கட்டினால் பர்மிட் போய்விடும், திரும்ப வரவும் முடியாது. அந்தக் கடிதத்துக்குக் காத்திருக்கிற இரண்டு பேரின் பயத்தை எழுதியிருந்தால் அது எவ்வளவு பெரிய காதல் கதை. எழுதினவருக்கு அது தெரியவில்லை.

கட்டாயத் தாலிக் கதை எனக்கும் பிடிக்காது. என் மனைவிக்கு முதலில் பிடித்தது. ஒரு நாள் நான் கேட்டேன், நான் அப்படி நடந்தால் உனக்குச் சம்மதமா என்று. "கதையில அவன் எப்பவும் கூடவே இருக்கான்ல" என்றாள். அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

பாலிடெக்னிக் முதலாம் ஆண்டு:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன்.

எனக்குத் தமிழ் பள்ளியில் படித்ததோடு சரி, அதனால் நானும் ஆடியோதான், புரியாத சொல்லைப் பாட்டியிடம் கேட்பேன். ஒன்றே ஒன்று சொல்ல வந்தேன். ஆங்கிலக் காதல் நாவல்களிலும் இப்போது கடத்துகிறவன், அடைத்து வைக்கிறவன் நிறைய வருகிறான், தமிழில் மட்டும் இல்லை. ஆனால் அங்கே பலர் முதல் பக்கத்திலேயே இந்தக் கதையில் இன்னின்ன வன்முறை வரும் என்று குறிப்புப் போட்டுவிடுகிறார்கள். வேண்டாதவர்கள் அங்கேயே மூடிவிடலாம். தமிழில் டீசரில் ரோஜாப்பூ படம் போட்டு, கவிதை போட்டு, பன்னிரண்டாவது எபியில் அறைகிறான். முன்பே சொல்லிவிட்டால் என்ன?

தொடர் எழுதுகிறவள்:

சொல்லலாம் மா. என் பழைய இரண்டாவது நாவலில் இந்த வாரமே முதல் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன்.

பொங்கோல் சிஸ், அந்தப் பட்டனை எடுத்துக்கொள்ளலாமா? நீங்கள் சரி என்றால்தான். கடைசியில் அதை யார் தைத்தது?

பொங்கோல் ரேவதி நட்சத்திரம்:

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் அம்மா தைத்துவிட்டார். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இருக்கிறதே!

செம்பவாங் வாசகி:

காலையில் ரயிலில் எல்லாவற்றையும் படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மரினா பேக்குப் போய்த் திரும்பி வந்தேன்.

ஈசூன் அக்கா, லிஃப்ட்காரர் கதையை நேற்று ராத்திரி ஆரம்பித்துப் பதினாலு எபி படித்துவிட்டேன். அவள் குழம்பில் உப்பு அதிகமாகிவிட்ட நாளில் அவன் ஒன்றும் சொல்லாமல் இரண்டாவது தடவை சோறு கேட்கிறானே, அங்கே நிறுத்தி வைத்திருக்கிறேன், வேகமாக முடித்துவிட மனசில்லை. அந்த எபிக்குக் கீழே இரண்டே கமெண்ட் இருந்தது. நான் மூன்றாவதாக எழுதிவிட்டேன், எந்த வரி என்றும் சேர்த்து.

மன்னிப்பு பற்றி நீங்கள் சொன்னதை நான் யோசித்துப் பார்த்ததே இல்லை அக்கா. நான் தள்ளிவிட்ட பக்கங்களில் அப்படி ஏதாவது இருந்ததா என்று அந்தக் கதையைத் திறந்து மறுபடி தேடினேன். இருந்தது, நாலு வரி. நாலு வரி எனக்கும் போதவில்லை.

தம்பி, நீங்கள் தாராளமாக எழுதலாம். நீங்களும் உங்கள் மனைவியும் இப்போது எந்தக் கதை கேட்கிறீர்கள்? பெயரைப் போடுங்கள், நாளைக்குக் காலையில் நானும் அதையே ஆரம்பிக்கிறேன்.